வாளியில் ஊறிய யோகா உடை

பிசியோதெரபி முதல் வருடம், மூட்டுகளைப் பற்றிய வகுப்பு. கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட முடிகிறதா பாருங்கள் என்றார் மேடம். நான் சட்டென்று தொட்டுவிட்டு, வழக்கம்போலக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். மேடம் தட்டவில்லை. பக்கத்தில் வந்து, "வலிக்குமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். மண்டைக்குள் பளிச்சென்று ஒரு நீல வாளி தெரிந்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எப்படியோ, மைசூரில் எங்களுக்கு யோகா அப்படி. உடம்பு எந்தப் பக்கம் சொன்னாலும் வளையும் என்பதால் பள்ளியில் நான்தான் நட்சத்திரம். தசராப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அப்பா அதைச் சொல்லாத ஆளே கிடையாது. சங்கடம் என்னவென்றால், பயிற்சி முடிந்து வந்தால் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். சமதரையில் நடக்கும்போதே கணுக்கால் பிசகும்.

அம்மா தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை. அசைத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு வளைந்துகொண்டே போனது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சக்கத்தாகிதே!" என்று கன்னடத்தில் வியந்து நர்சைக் கூப்பிட்டார். நானும் குஷியாகி, கேட்காமலே இரண்டு கால்களையும் தலைக்குப் பின்னால் போட்டுக் காட்டினேன். காய்ச்சலோடு வெளியே காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"ரப்பர் பொம்மை மாதிரி இருக்காளே, இவளுக்கு என்னம்மா வலி? ஸ்கூல்ல டெஸ்ட் ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர், தெரிந்த தமிழில்.

"என்ற புள்ளைக்கு நெசமாவே வலிக்குதுங்க சார்," என்றாள் அம்மா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரி.

"வளர்ற வயசும்மா. யோகா இன்னும் ஜாஸ்தி பண்ணச் சொல்லுங்க, சரியாயிடும்."

கெட்ட மனிதர் இல்லை. வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். மடங்காத மூட்டுதான் நோய் என்று படித்தவர்; அளவுக்கு மீறி மடங்குவதும் நோயாகலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குப் பரம திருப்தி. "டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?"

போட்டியன்று காலையில் எழுந்து பார்த்தால், மடித்து வைத்திருந்த என் யோகா உடை அந்த நீல வாளியில், சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"மறந்து போட்டுட்டேன் கண்ணு."

"வேற நாளே கெடைக்கலியா உனக்கு?" என்று அப்பா கத்தினார். நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா உடையை எடுத்துப் பிழிந்தாள். பிழிகிற வேகத்தில் அவள் கட்டைவிரல் மூட்டு நழுவியது. மறு கையால் 'டக்'கென்று தள்ளிப் பொருத்திவிட்டு மறுபடி பிழிந்தாள். உடை காய்வதற்குள் போட்டி முடிந்துவிட்டது.

எல்லா அம்மாக்களின் விரலும் அப்படித்தான் சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். மடித்து வைத்த துணி வாளிக்குள் எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை. டாக்டரும் அப்பாவும் நம்பாத வலியை அவள் மட்டும் ஏன் கேட்டவுடன் நம்பினாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, அம்மாவிடம் கட்டைவிரலை மடக்கிப் பார்க்கச் சொன்னேன். முன்கையைத் தொட்டது.

"வலிக்குமாம்மா?"

"எப்பவும் வலிக்கறதுதானே கண்ணு. இதுக்குப் போயி யாரு டாக்டருகிட்டப் போவாங்க?"

நாங்கள் போவோம். சனிக்கிழமை, அதே கிளினிக். அம்மாவின் விரலைப் பார்த்து டாக்டர் நர்சைக் கூப்பிடுவதற்குள், மேடம் என்னிடம் கேட்டதை அவரை அம்மாவிடம் கேட்க வைத்துவிட வேண்டும்.