தைப்பூசத்துக்கு முந்திய பைகள்

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அந்தத் தேநீர் அறை. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. செங்குத்தான மரப்படி ஏறிப்போனால் தாழ்வான சோபாக்கள், ஒன்றோடொன்று சேராத பீங்கான் கோப்பைகள், தேநீர்க் குடுவைக்குக் கம்பளியில் பின்னிய தொப்பி. ஒரு சனிக்கிழமை மதியம் நானும் என் கணவரும் அங்கே போனோம். பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி கூப்பிட்டிருந்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு வாரம். பிரசவத்துக்குப் பிறகு அவள் வெளியே வருவது அதுதான் முதல் முறை.

என் மகனுக்கு அப்போது ஐந்து மாதம். கிள்ளானில் என் கணவரின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். அண்ணி என்று நான் கூப்பிடும் அவர்தான் நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வீட்டிலிருந்து அவர் வீடு இரண்டு தெரு தள்ளி.

கொஞ்சம் வெளியே போய் வா, நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. பல நாட்களாக அப்படித்தான். ஆனால் பயம் மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேறுகால விடுப்பு முடிந்து, தைப்பூசத்துக்கு மறுநாள் நான் வேலைக்குத் திரும்பினேன். பழைய கோப்புகள் வைக்கும் அறையில் பால் எடுத்துக்கொள்ள அலுவலகத்தில் அனுமதித்தார்கள். முதல் இரண்டு வாரம் வந்தது. பிறகு குறைந்தது. ஒரு நாள் பாட்டிலின் அடி மட்டும் நனைந்தது. அன்று மதியம் கடைக்குப் போய் ஒரு டின் பால்மாவு வாங்கினேன். அலுவலகச் சமையலறையில் கரைத்து, தாய்ப்பால் சேமிக்கும் பையில் ஊற்றி, மூடி, தேதியும் அளவும் எழுதி அண்ணியிடம் கொடுத்தேன். அன்று ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன்.

பெயர் வைத்த நாளில் வந்தவர்களிடமெல்லாம் அண்ணி என் தோளில் கை வைத்துச் சொல்லியிருந்தார். "எங்க வீட்டுப் பிள்ளை பவுடர் பால் தொட்டதே இல்ல." அவர் தன் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார். அவரிடம் போய் எனக்குப் பால் வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. இரவிலும் விடியற்காலையிலும் பிள்ளைக்குக் கொடுக்கக் கொஞ்சம் இருந்தது. அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மாவுதானே, கரைக்கக் கரைக்க வந்தது. தேவைக்கு மேலேயே ஒரு பை கொண்டுபோனேன். அண்ணியின் ஃப்ரீசர் நிறைந்தது. கரைத்த பால்மாவை உறைய வைக்கக் கூடாது என்று படித்த பிறகும் நிறுத்தவில்லை. தினமும் மாலையில் பிள்ளை எத்தனை முறை வெளியே போனான், என்ன நிறம் என்று மட்டும் அண்ணியிடம் கேட்டுக்கொண்டேன். குற்ற உணர்ச்சி வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த நாளுக்கான வேலைகள் இருந்தன.

தேநீர் வந்தது. ஒவ்வொரு குடுவைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன மணல் கடிகாரம். மணல் இறங்கி முடியும்வரை ஊற்றக் கூடாதாம்.

"இதுக்குத் தெருமுனை மாமாக் கடையில ஆத்திக் குடுக்கற தே தாரேக் குடிச்சிட்டு இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்லா," என்றார் என் கணவர்.

"அண்ணே, சும்மா இருங்க. ஏழு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் சட்டையில வாந்தி இல்லாம உக்காந்திருக்கேன்," என்றாள் தோழி.

அவள் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதாம், உடம்பெல்லாம் தடிப்பாம். "பசும்பால் ஒத்துக்கலன்னு டாக்டர் சொல்றாரு. டின்ல வர்றது பூரா பசும்பால்தானே. ஸ்பெஷலா ஒண்ணு எழுதிக் குடுத்தாரு, வாயில வச்சதும் துப்புறா. தாய்ப்பால் குடுங்கங்கறாரு. எங்கேருந்து குடுக்கறது? ஒரு மணி நேரம் எடுத்தா ஒரு துணி நனையுது, அவ்வளவுதான்."

என் கணவர் கைப்பேசியை எடுத்தபோதே அவர் என்ன காட்டப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் அக்காவின் ஃப்ரீசரைத் திறந்து அவரே தேதி வாரியாக அடுக்கி, படம் எடுத்திருந்தார். புதியவை முன்னால், பழையவை பின்னால். அலுவலகத்திலும் அதைக் காட்டியிருக்கிறார்.

"அலாமா! பால் பண்ணையே வச்சிருக்கீங்க!" என்றாள் தோழி.

"மீன் வைக்க இடமில்லன்னு எங்க அக்கா திட்டுது. நீ வேணுங்கற அளவு எடுத்துக்கோ."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நெசமாவா?"

"இதுல என்ன பொய்? நம்ம பிள்ளைதானே."

"ஆனா ஒண்ணுடி," என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆபிஸ்ல ஒரு மலாய் அக்கா சொல்வாங்க, ஒரே தாய்கிட்ட பால் குடிச்ச பிள்ளைங்க அண்ணன் தங்கச்சியாம். கட்டிக்கக் கூடாதாம். நம்ம சம்பந்தம் போச்சு." இருவரும் கர்ப்பமாக இருந்தபோது நாங்கள் சம்பந்தியாவது பற்றி அவ்வளவு பேசியிருந்தோம்.

"அப்ப எனக்கு வர வேண்டிய சீர்?" என்றார் என் கணவர்.

இருவரும் சிரித்தார்கள். என் மணல் கடிகாரத்தில் மணல் முடிந்திருந்தது. நான் ஊற்றவில்லை.

"கார்ல ஐஸ் பெட்டி இருக்கு. இன்னிக்கே உங்க பின்னாலேயே கிள்ளானுக்கு வந்துடறேன். ராத்திரிக்கே குடுத்துப் பாக்கறேன்," என்றாள் தோழி.

"நான் மருந்து சாப்பிட்டுட்டு இருக்கேன்," என்றேன்.

"என்ன மருந்து?" என்றார் கணவர்.

"சளிக்கு."

"அது இந்த வாரம்தானே? போன மாசம் எடுத்தது இருக்குல்ல," என்றாள் தோழி.

"அண்ணி வீட்டுல கரண்ட் போயிடுச்சு ஒரு நாள். கெட்டுப் போயிருக்கும்."

"கரண்டா? எப்ப?" கணவர் என்னைப் பார்த்தார். "அக்கா ஒண்ணும் சொல்லலையே."

தோழி முகத்திலிருந்த எதிர்பார்ப்பு மெல்லக் குறைந்தது. நான் கொடுக்க மனமில்லாமல் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் என் கணவர் விடவில்லை. "இவ எல்லாத்துக்கும் பயப்படுவா. நீ வா, நான் எடுத்துத் தர்றேன்," என்றார்.

"அது பால் இல்ல," என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பரிமாறும் பெண் வந்தாள். "அக்கா, ஹாட் வாட்டர் ஊத்தவா?"

"வேணாம்மா," என்றார் கணவர். அவள் போகும்வரை மூவரும் காத்திருந்தோம்.

"பவுடர். டின்னுப் பால். கரைச்சு ஊத்தி வச்சேன்."

"எது?"

"பையில இருக்கறது."

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த சோபாவில் யாரோ கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்பதுபோல.

"என் பொண்ணு ராத்திரி இதத்தான் குடிச்சிருப்பா," என்றாள் தோழி. "எதுக்குடி மொதல்ல மருந்துன்ன? அப்புறம் கரண்ட்டுன்ன? நாங்க ரெண்டு பேரும் சரின்னு கெளம்பியிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றார் கணவர்.

"தெரியாது."

தோழி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கணவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, படத்தில் பின்வரிசையைக் காட்டினாள். "இதுவுமா?"

அண்ணி முன்னால் இருப்பதை எடுத்துத்தான் பிள்ளைக்குக் கொடுப்பார். பின்னால் இருந்தவற்றை யாரும் தொடவில்லை. அவை நான் விடுப்பில் வீட்டில் இருந்தபோது எடுத்தவை.

"எதுவரைக்கும் உனக்கு நிச்சயமாத் தெரியும்?"

"தைப்பூசத்துக்கு முன்னால உள்ளது எல்லாம் பால்தான். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் பால்தான்னு நெனக்கறேன். ஆனா நிச்சயம் இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

"மருந்துன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சிதான் வச்சிருந்த," என்றாள்.

ஆனாலும் வந்தாள். எங்கள் காருக்குப் பின்னால் கிள்ளான் வரை அவள் கார் வந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் நெரிசல். என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க போட்டோ எடுத்தீங்க," என்றேன்.



அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். தோழியைப் பார்த்ததும் "வாம்மா, தே போடவா?" என்றார். சமையல் மேசையில், வெந்நீர்க் கோப்பைக்குள் ஒரு பை உருகிக்கொண்டிருந்தது. கணவர் நேராக ஃப்ரீசர் முன்னால் மண்டியிட்டார்.

"என்னடா தம்பி பண்ற? அடுக்கினதக் கலைக்காத."

நான் சொன்னேன். தேநீர் அறையில் சொன்னதைவிடக் குறைவான சொற்களில். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஐஸ்ல வச்ச பவுடர் பாலையா இத்தன நாளா குடுத்தேன்?" என்றார். மேசையில் உருகிக்கொண்டிருந்த பையைப் பார்த்து, "என் கையாலயா?" என்றார். பால் வராததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கணவர் ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தார். நான் தேதியைச் சத்தமாகப் படித்தேன். தைப்பூசத்துக்கு முந்தியது என்றால் தோழியின் ஐஸ் பெட்டிக்கு, மற்றவை கழுவுதொட்டிக்கு. தோழி ஒவ்வொன்றையும் வாங்கித் தானும் ஒரு முறை படித்தாள். ஒரு பையில் மை கரைந்து மாதம் அழிந்திருந்தது. ஆறாம் தேதி என்று மட்டும் தெரிந்தது. பின்வரிசையில் இருந்தது, பையும் பழையதுபோலத்தான் இருந்தது. பால்தான் என்று எனக்கு முக்கால்வாசி நிச்சயம். தோழி கை நீட்டியிருந்தாள்.

"இது தெரியல," என்று தொட்டியில் போட்டேன்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த பைகளை அவள் படிக்காமலே பெட்டியில் வைத்தாள்.

அவள் கிளம்பும்போது பெட்டி பாதிதான் நிறைந்திருந்தது. "நாளைக்கு மெசேஜ் போடறேன்," என்று மட்டும் சொன்னாள். கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு கார் வரை போனார்.

பிள்ளை பசிக்கு அழ ஆரம்பித்தான். வெந்நீரில் உருகியிருந்த பையை எடுத்துக் கொட்டினேன். வீட்டில் யார் கண்ணிலும் படாமலிருக்க என் கைப்பையிலேயே வைத்திருந்த பால்மாவு டின்னை எடுத்து மேசையில் வைத்தேன். அண்ணி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, டின்னைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, அதில் இருந்ததையெல்லாம் படித்தார்.

"எத்தன கரண்டி?"

"நாலு. மேல வழிச்சு, சமமா."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவரே நாலு கரண்டி வழித்துப் போட்டார். பாட்டிலைக் குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, என் கையில் கொடுத்தார். மகன் எப்போதும்போலக் குடித்தான்.