நாற்பதாம் கோட்டின் பின் ஓரம்

காஸ் டோம்ப்ரவ்ஸ்கியைத் தெரியாத நாய்கூட எங்கள் பேட்டையில் கிடையாது. முப்பது வருடமாகத் தபால் போடுகிறான். நாய்களுக்கென்று சட்டைப் பையில் பிஸ்கட் வைத்திருப்பான். வாரத்தில் ஆறு நாள் தபால்காரன். பருவம் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரிக்கரை மைதானத்தில், எங்கள் அணி தோற்பதை ஐந்தடி தூரத்தில் நின்று பார்க்கும் பாக்கியசாலி. கூட நானும் நின்றேன், என்ன செய்ய.

நாங்கள் சங்கிலிக்காரர்கள். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடுகிற எங்கள் ஊர்க் கால்பந்தில், நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும்; முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்தை அளப்பது எங்கள் சங்கிலி. இரண்டு முனையிலும் இரண்டு கம்பு. முன் கம்பு என் கையில். நடுவில் ஒரு கிளிப் உண்டு, அது காஸின் பொறுப்பு.

மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, ஐந்து, பத்து என்று கஜக் கணக்கே அதன் பெயர். கோட்டின் அகலம் நாலு அங்குலம். சங்கிலி கடக்கிற ஒரு கோட்டின் பின் ஓரத்துக்கு நேராகக் கிளிப்பை மாட்ட வேண்டும். சந்தேகம் வந்து அளக்கச் சொன்னால், கோட்டு நடுவர் வந்து, "பின் ஓரமா?" என்று கேட்பார். காஸ் குனிந்து பார்த்து, "பின் ஓரம்" என்பான். நடுவர் கிளிப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அதே கோட்டின் பின் ஓரத்தில் வைப்பார். நாங்கள் சங்கிலியை இழுத்துப் பிடிப்போம். அறுபதாயிரம் பேர் அந்த இரண்டு வார்த்தையை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சங்கிலி பிடித்த இருபத்திரண்டு வருடத்தில் அது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. காஸுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

எங்களுக்கு ஒரு விதி: கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, அணியின் நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளக் கூடாது.

அந்த வருடம் பதினைந்து ஆட்டத்தில் பதினான்கு தோல்வி. எங்களுக்கு அது ஒரு பெரிய செய்தியே அல்ல. ஆனால் அந்த முறை தோல்விக்கு ஒரு பலன் இருந்தது. ஒவ்வோர் ஏப்ரலிலும், கல்லூரியில் ஆடி முடித்த பிள்ளைகளை அணிகள் வரிசையாகப் பொறுக்கிக்கொள்ளும். கடைசி இடத்து அணிக்குத்தான் முதல் கை. வரப்போகிறவன் டிரென்ட் ஹாலிஸ். பந்து எறிவதில் இப்படியொரு பையன் இருபது வருடமாக வந்ததில்லை என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசி ஆட்டத்திலும் தோற்றால் ஹாலிஸ் எங்களுக்கு. ஜெயித்தால் வேறு ஊருக்கு.

காஸ் தோல்விக் கட்சி. தபாலோடு சேர்த்துத் தன் கொள்கையையும் வீடு வீடாகப் போட்டுவிட்டு வந்தான். முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு உட்கார்ந்தால், அங்கேயும் அதே பாட்டுதான்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை தோத்தா போதும், பத்து வருஷம் ஜெயிக்கலாம். புரியுதா?"

"இருபத்திரண்டு வருஷமா அதைத்தானய்யா பண்றோம்? அந்தப் பத்து வருஷம் எப்ப வரும்?" என்றாள் அவன் மனைவி ரோசலி. பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல்.

"இதுவரைக்கும் சும்மா தோத்தோம். இது தெரிஞ்சே தோக்கறது. வித்தியாசம் இருக்கு ரோசலி."

"ஆமா, நீ கணக்குல ஃபெயிலானப்பவும் உங்கப்பாகிட்ட இதைத்தான் சொல்லியிருப்ப."

மேஜையே சிரித்தது. காஸ் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு ஹெர்ப்."

"எனக்கு மீன் ஆறுது" என்றேன்.

ரோசலி விடவில்லை. "அங்க ஒருத்தன் முட்டி பேந்து ஆடிக்கிட்டிருக்கான். அவன் மூஞ்சியப் பாத்து, 'தம்பி, இன்னைக்கு ஒண்ணு தோத்துக் குடுத்துடு'ன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"நான் ஏன் சொல்லணும்? அதெல்லாம் முதலாளி பாடு."

"நீ சொல்வியான்னுதான் கேட்டேன்."

காஸ் எலுமிச்சையை எடுத்து மீன்மேல் பிழிந்தான்.

டிசம்பர் கடைசி ஞாயிறு, பகல் ஒரு மணி ஆட்டம். ஏரிக்காற்று காதை அறுத்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஹாலிஸின் பெயரை எழுதிய அட்டைகளோடு எங்கள் அணி தோற்பதற்காகவே வந்திருந்தார்கள். ஆடுகிறவர்களிடம் மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அதிலும் டுவேன் மெக்ராரி. முப்பத்துநாலு வயது, பதினோரு வருடமாக முன்வரிசையில் மோதித் தள்ளுகிற ஆள். ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது, இனி இந்த ஊரில் அவனுக்கு வேலையில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஹாலிஸ் வந்தாலும் வராவிட்டாலும் அவன் இருக்கப்போவதில்லை.

ஒரு நிமிடம் மிச்சம். பதினேழுக்குப் பதினாறு, ஒரு புள்ளியில் பின்தங்கியிருந்தோம். நாலாவது முயற்சி, ஒரு கை நீளம் போக வேண்டும். பந்துக்காரன் டுவேனின் முதுகுக்குப் பின்னால் புகுந்தான். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவராக எங்கள் காலடிக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தார்கள். ஆட்களை ஒவ்வொருவராக எழுப்பிவிட்டுப் பார்த்தால் பந்து பத்து கஜ எல்லையில், தாண்டியதா இல்லையா என்று தெரியாமல் கிடக்கிறது. அளக்கச் சொன்னார் தலைமை நடுவர்.

டுவேன் முழங்காலில் இருந்தான், தலைக்கவசக் கம்பியில் புல்லும் சேறும். நிமிர்ந்து காஸைப் பார்த்தான்.

"பெரியவரே, தாண்டிருச்சா?"

நாங்கள் பதில் சொல்லக் கூடாது.

கோட்டு நடுவர் வந்தார். "நாற்பது. பின் ஓரமா?"

காஸ் குனிந்தான். வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தான். குளிரில் இடுப்பு பிடித்துக்கொண்டது போல என்று நினைத்தேன்.

"பின் ஓரம்" என்றான்.

சங்கிலியை இழுத்தோம். பந்தின் மூக்கு என் கம்பைத் தாண்டி இரண்டு அங்குலம். டுவேன் இரண்டு கையாலும் தரையை அறைந்தான். மூன்று முயற்சி கழித்து மூன்று புள்ளி உதை, பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே போனது. ஜெயித்துவிட்டோம். சொந்த ஊர்க் கூட்டம் சொந்த வெற்றியைக் கூவி ஏசுவதை நான் அன்றுதான் கேட்டேன். ஏசியவர்களில் சிலர் ஏசிக்கொண்டே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என்ன ஜென்மங்களோ நாங்கள்.

வாகன நிறுத்தத்தில் காஸ் என் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். பிறகு, "ஹெர்ப், கிளிப் முன் ஓரத்துல இருந்துச்சு" என்றான்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முன் ஓரத்தில் மாட்டியதைப் பின் ஓரத்தில் வைத்தால் சங்கிலி மொத்தமும் நாலு அங்குலம் பின்னால் நகரும், என் கம்பும்தான். இரண்டு அங்குலம் தாண்டிய பந்து, உண்மையில் இரண்டு அங்குலம் எட்டாத பந்து. பந்து எதிராளிக்குப் போயிருக்க வேண்டும். நாங்கள் தோற்றிருக்க வேண்டும்.

"எப்படிடா?"

"கை மரத்துப் போச்சு. மாட்டுறப்ப பாக்கல."

"குனிஞ்சியே, அப்பவாவது பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துமா?"

"பாத்தேன்டா!"

இதுதான் எனக்கு விளங்கவே இல்லை. தோல்வி வேண்டும் என்று பொய் சொல்லியிருந்தால் புரிந்துகொள்வேன், அவன் அந்தக் கட்சிதானே? உண்மையைச் சொல்லியிருந்தால் யோக்கியன் என்ற பெயரும் நிற்கும், ஹாலிஸும் வந்திருப்பான். இரண்டையும் ஒரே வாயால் தூக்கி எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"டுவேனுக்காகவா?"

"தெரியல."

"அப்ப உள்ளுக்குள்ள ஜெயிக்கணும்னு இருந்துச்சா?"

"தோக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான்டா குனிஞ்சேன். நிமிரும்போது வாய் வேற சொல்லிடுச்சு."

எனக்கு ஆத்திரமாக வந்தது, வாய்க்கு வந்தபடி திட்டினேன். பொய் சொன்னதற்கா, ஹாலிஸ் போனதற்கா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. மேலிடத்தில் போய்ச் சொல்லவும் இல்லை. சொல்லாமல் இருப்பது சரியா என்றும் தெரியாது.

"ரோசலிகிட்ட சொல்லிடு" என்றேன்.

"வேணாம். அவ சந்தோஷப்பட்டுடுவாடா. அதான் பயமா இருக்கு."

சனிக்கிழமை காஸ் தேவாலயத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனான். பாதர் க்ருபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரலைத் தாழ்த்தினாராம்.

"அப்போ ஹாலிஸ் நமக்குக் கிடைக்காம போனது உன்னாலயா?"

"ஆமா பாதர்."

"பொய் சொன்னதுக்கு மன்னிப்பு இருக்கு. மத்ததுக்கு எனக்குக் கொஞ்சம் டைம் குடுப்பா" என்றாராம். இதைச் சொல்லும்போது காஸ் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச்சில் டுவேனை அனுப்பிவிட்டார்கள். ஏப்ரலில் ஹாலிஸ் வேறு ஊர்த் தொப்பியை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் சிரித்தான். காஸ் போகிற தெருவிலெல்லாம், "அந்த ரெண்டு அங்குலம் நம்மள நாசமாக்கிடுச்சு காஸ்" என்று புலம்பினார்கள். அவன் மின்சார பில்லை நீட்டிவிட்டுத் தலையை ஆட்டினான். நாய்களுக்குக்கூட முன்போல நின்று பிஸ்கட் போடுவதில்லை.

செப்டம்பரில் புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். இரண்டாம் கால் பகுதியில் அளக்கச் சொன்னார்கள். கோட்டு நடுவர் புது ஆள்.

"முப்பது. பின் ஓரமா?"

காஸ் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"தெரியல சார். நீங்களே பாத்துக்கங்க."

இந்த வேலையில் அப்படியொரு பதிலை யாரும் சொன்னதில்லை. நடுவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மண்டியிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். கிளிப் பின் ஓரத்தில் மயிரிழை பிசகாமல் நின்றிருந்தது.

"சரியாத்தானய்யா இருக்கு? இதுல என்ன தெரியலங்கறே?"

"சரியா இருக்கலாம் சார். நான் சொல்லி நீங்க நம்ப வேணாம்."

ஆட்டம் முடியும்வரை தன் வேலையைப் பார்த்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று கிளிப்பை என் கையில் கொடுத்தான். அன்று சாயங்காலம் வீட்டில் காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. ரோசலியிடம் எல்லாவற்றையும் சொன்னான், நானும் கூட இருந்தேன். அவள் சந்தோஷப்படவில்லை. டிசம்பரிலிருந்து அந்த ஆட்டத்தின் நுழைவுச்சீட்டைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நாம ஜெயிக்கவே இல்லையா?"

அவள் காந்தத்தை எடுத்தாள். நுழைவுச்சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கிழித்துப் போடவும் இல்லை, திரும்ப ஒட்டவும் இல்லை.

இப்போது கிளிப் என் பொறுப்பு. காஸும் ரோசலியும் முப்பதாம் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இனி அவன் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், தடையில்லை, ஆனால் கத்துவதில்லை. அளக்கச் சொன்னால் எல்லாரும் பந்தைப் பார்க்க, இவன் மட்டும் என் முதுகையே பார்க்கிறானாம், ரோசலி சொன்னாள். நான் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.