இரண்டு கையும் விரித்தால்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் நான் கிரேன் ஓட்டுகிறேன். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஊர்ந்து போகிற கிரேன். அதன் கேபினில் ஒரு நாற்காலி, ஒரு சின்ன ஃபேன், நான். அங்கே ஏறி வந்து என்னைத் திட்டுவதற்கு எந்த சூப்பர்வைசரின் முழங்காலும் ஒத்துழைக்காது. மேலிருந்து பார்த்தால் மேனேஜரும் ஒரு வெள்ளை ஹெல்மெட், அவ்வளவுதான். இப்படி ஒரு சொர்க்கத்தை விட்டு யாராவது இறங்குவார்களா?

என்னை இறக்கிவிடப் பார்த்தது என் தொப்பை. உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு வருஷா வருஷம் உடம்பைச் சோதித்து 'ஹைட் பாஸ்' என்று ஓர் அட்டை தருவார்கள். போன முறை கம்பெனி டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுத்த வாட்டியும் இதே உடம்போட வந்தீங்கன்னா பாஸ் கிடையாது. கீழ ஸ்கிராப் யார்டுதான்" என்றார்.

ஸ்கிராப் யார்டு என்றால் பழைய இரும்பைப் பிரித்துப் போடும் வேலை. வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆளாளுக்கு வந்து அதிகாரம் பண்ணுவார்களே, அதை நினைத்தால்தான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அதனால் வீட்டிலேயே செய்யும் கடுமையான உடற்பயிற்சித் திட்டம் ஒன்றைப் போனில் பிடித்தேன். அதில் ஒரு கட்டுமஸ்தான ஆசாமி சிரித்துக்கொண்டே குதிப்பான், குனிவான், தரையில் விழுந்து எழுவான். அவனைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கும். சோழவரத்தில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளி, போனை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து ஆரம்பித்தேன்.

முதல் நாளே சிக்கல். அவன் குதித்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தான். நான் அப்படியே நின்றுவிட்டேன். மறுபடி விரித்தான். மறுபடியும் நின்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, கரண்ட் போன மிக்ஸி மாதிரி நின்னுட்டீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆலை இரைச்சலில் கிரேன் ஓட்டுபவனுக்குப் பேச்சு கேட்காது, எல்லாம் கைச் சைகைதான். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையை ஒரு பக்கமாகத் தள்ளினால் அந்தப் பக்கம் நகரு. இரண்டு கையையும் விரித்தால் உடனே நிறுத்து. மற்ற சைகைகளையெல்லாம் கீழே நிற்கும் சிக்னல்மேன் மட்டும்தான் காட்டலாம். நிறுத்தச் சொல்வதை மட்டும் யார் காட்டினாலும், டீ கொண்டுவருபவர் காட்டினாலும், நிறுத்தியே ஆக வேண்டும். இத்தனை வருஷத்தில் அது மூளையைக் கேட்காமலே உடம்பில் ஊறிவிட்டிருந்தது.

இதை மனைவியிடம் விளக்காமல் இருந்திருக்கலாம்.

"யாரு காட்னாலும் நிக்கணுமா?"

"யாரு காட்னாலும்தான்."

"நான் காட்னாகூட?"

அன்று சாப்பிடும்போது இன்னொரு தோசைக்குக் கையை நீட்டினேன். அவள் தோசைத் திருப்பியோடு இரண்டு கையையும் விரித்தாள். என் கை பாதி வழியில் நின்றது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் அவள் ராஜ்ஜியம்தான். போன் ஆசாமியின் சத்தத்தை அடைத்துவிட்டு, அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டு, அவளே எனக்குச் சைகை காட்டினாள். விரல் கீழே சுழன்றால் நான் உட்கார வேண்டும், மேலே சுழன்றால் எழ வேண்டும். "மெதுவா, மெதுவா. சுமைய பதமா எறக்குங்க" என்பாள். சுமை என்று அவள் சொன்னது என் பின்பக்கத்தை. திருப்பாச்சூர் பக்கம் வயலும் மாடுமாக வளர்ந்தவள், முரண்டு பிடிக்கும் எதையும் வேலை வாங்கத் தெரிந்தவள். நான் திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஆனாலும் பெல்ட்டில் ஆணியை அடித்துப் புது ஓட்டை போட வேண்டி வந்தது.

சோதனை நாளில் டாக்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, கார்டில் இருந்த பெயரை இன்னொரு தரம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக ஒன்றுதான் பாக்கி. ஆலை மைதானத்தில் இடுப்பு உயரத்தில் கட்டியிருக்கும் இரும்புக் குழாய்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க வேண்டும். பழைய சேஃப்டி ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். இவர் புதியவர், அக்கறையானவர். அந்த முனையில் போய் நின்றுகொண்டார்.

நான் பாதி தூரம் வந்ததும், "கைய விரிச்சு பேலன்ஸ் பண்ணுங்க, இந்த மாதிரி" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

நின்றுவிட்டேன். கால் நகரவில்லை. அவர் கையை இறக்கவும் இல்லை.

"பயமா இருந்தா சொல்லுங்க, இறங்கிடலாம்" என்றார்.

பயமில்லை என்று தலையை ஆட்டினேன். குழாய் லேசாக ஆடியது. கண்முன்னே ஸ்கிராப் யார்டு தெரிந்தது. இத்தனை நாள் உட்கார்ந்து எழுந்ததெல்லாம் வீண்தானா என்று அழுகையே வந்துவிட்டது.

வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்களில் என் சிக்னல்மேனும் இருந்தார். ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கத்துக்காரர், யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். அவர் நேராக ஆபீசரிடம் போனார்.

"சார், மொதல்ல கைய எறக்குங்க சார். அவரு உங்களாலதான் நின்னுகினு இருக்காரு."

ஆபீசர் ஒன்றும் புரியாமல் கையை இறக்கினார். சிக்னல்மேன் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்று, உள்ளங்கையை அந்த முனைப் பக்கமாகத் தள்ளினார்.

"போ நைனா."

போனேன். குழாய் முடிந்தது தெரியாமல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்து மண்ணில் விழுந்தேன். விழுந்தாலும் பாஸ்தான் என்று ஆபீசரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அன்று மாலை வீட்டில் பிரியாணி. பாஸ் அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு, மறுபடி ஒரு கரண்டி எடுக்கப் போனேன். எதிரில் இரண்டு கையும் விரிந்தன.

"அதான் பாஸு வந்துட்ச்சே, இன்னும் இன்னா பேஜாரு?" என்றேன்.

"ஏன், அடுத்த வருசம் மேல ஏற வேணாமா?"

அவள் கையை இறக்கச் சொல்ல அங்கே சிக்னல்மேனும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.