பச்சை விளக்கு எரிந்த வெள்ளிக்கிழமை

எனக்குப் பிறவியிலேயே பயம் ஜாஸ்தி. சுவரில் பல்லி ஓடினாலே அலறுவேன். அதற்காக வீட்டில் நான் வாங்காத கேலி இல்லை. ஆனால் ஆம்பூர் தோல் கம்பெனியில் அந்த வெள்ளிக்கிழமை மதியம் நான் பட்ட பயம் வேறு.

அங்கே எனக்குக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அண்ணனுக்குக் கழிவுநீர்ப் பிரிவு. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகத்தான் போவோம். டிரம்களில் தோல் ஊறிய தண்ணீரெல்லாம் பின்பக்கத் தொட்டியில் போய் விழும். பம்ப் அடைத்துக்கொண்டால் ஓர் ஆள் இறங்கித்தான் ஆகவேண்டும். உள்ளே தேங்கும் விஷவாயு ஆளை ஒரே மூச்சில் சாய்த்துவிடும். அதனால் வாயுவை அளக்கும் பெட்டி ஒன்றை அங்கே மாட்டினார்கள். அது அனுப்பும் அளவை என் அறையிலுள்ள லினக்ஸ் சர்வர் வாங்கி, தொட்டி ஓரத்தில் பச்சையோ சிவப்போ எரியவைக்கும். அந்த ப்ரோகிராம் நான் எழுதியது. என் தங்கச்சி எழுதினது என்று அண்ணன் கேண்டீன் முழுக்கப் பீற்றிக்கொண்டான்.

பெட்டியும் சர்வரும் பேசிக்கொள்வது சாக்கெட் இணைப்பில். போன் மாதிரிதான், ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கத்துக்குத் தெரியும். பெட்டி நின்றுபோனால் சிவப்பு எரியவேண்டுமே என்று எத்தனையோ தடவை சோதித்தேன். பெட்டிக்குள் ஓடும் ப்ரோகிராமை, அதாவது அந்த ப்ராசஸை, கில் செய்து நிறுத்துவேன். உடனே சிவப்பு எரியும். எனக்குப் பெருமை தாங்காது.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் டிரம்களை நிறுத்திவிடுவார்கள். மேஸ்திரி பாயும் மற்றவர்களும் பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது, எலக்ட்ரீஷியன் டிரம் ஷெட்டின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவார். நானும் அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுவேன். அன்று கேண்டீனில் கூட்டம் என்று டப்பாவை மேசையிலேயே திறந்தேன்.

திரையில் வாயு அளவு இரண்டு. தயிர்சாதம் பாதி காலியான பிறகும் அதே இரண்டு. அந்த எண் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சர்வரில் ஓடும் ப்ராசஸ்களைப் பார்த்தேன். என்னுடையது உயிரோடு இருந்தது, அடுத்த அளவு வரட்டும் என்று தூங்கிக்கொண்டு. இணைப்பும் அறுபடவில்லை என்றே காட்டியது. அப்புறம்தான் ஷெட் பக்கம் ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது. பெட்டிக்குக் கரண்ட் அந்த லைனில். தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாருக்கும் அதே லைன். சர்வரும் விளக்கும் மட்டும் யூபிஎஸ்ஸில்.

ப்ராசஸைக் கொன்றால், பெட்டியின் சிஸ்டம் அதன் இணைப்பை மூடி எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லிவிடும். நான் சோதித்ததெல்லாம் அந்தச் சாவை மட்டும்தான். கரண்ட் போனால் சிஸ்டமும் சேர்ந்து போகும். சொல்ல யாரும் கிடையாது. இவ்வளவு நேரம்தான் காத்திரு என்று நானும் என் ப்ராசஸுக்கு எங்கேயும் எழுதவில்லை. கடைசியாக வந்த இரண்டை நம்பிக்கொண்டு அது பச்சை காட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரம் பார்த்து செக்யூரிட்டி எட்டிப்பார்த்தார்.

"சாப்ட்டியாம்மா? உங்க அண்ணன் இன்னும் சாப்டல. பம்ப் அடைச்சிக்கிச்சாம். டிரம் நின்ன நேரத்துல எடுத்துட்றேன்னு எறங்கப் போறாரு."

போன் செய்ய வழியில்லை. அவன் போன் லாக்கரில் இருக்கும். எழுந்து ஓடினேன். ஷெட் இருட்டாக இருந்தது. தரையெல்லாம் ஈரம். வழுக்கி விழுந்து முட்டி சிராய்த்தது. செருப்பு எங்கே போனதென்று தெரியாது. அம்மாவிடம் என்ன சொல்வேன், என்ன சொல்வேன் என்று அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

தொட்டி விளிம்புக்கு மேலே அண்ணனின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

"ண்ணா, எறங்காத!"

அவன் நிமிர்ந்து சிரித்தான். "இன்னா பாப்பா, பல்லியா?"

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. திட்டிக்கொண்டே மேலே ஏறினான். பின்னாலேயே ஓடிவந்த செக்யூரிட்டியிடம் மெயினைப் போடச் சொன்னேன். பெட்டி எழுந்து மறுபடி சர்வரைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரைக்கும் பச்சைதான். அப்புறம் சிவப்பு எரிந்து சைரன் அலறியது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் இடுப்பைப் பார்த்தேன். இந்த விளக்கை மாட்டுவதற்கு முன்பெல்லாம் இடுப்பில் கயிறு கட்டாமல் அந்தத் தொட்டியில் யாருமே இறங்கியதில்லை. கயிறு சுவரில் ஆணியில் தொங்கியது.

"ஏண்ணா கயிறு கட்டல?" என்றேன்.

"அதான் பச்ச எரிஞ்சுதே பாப்பா. நீ எழுதினது ஆச்சே."