பேதி உப்பு குடித்த குழி

கக்கூஸ் குழியில் கேஸ் எடுக்கும் தொழிலுக்கு மூக்குதான் முதலீடு; நாற்றத்தோடு பிழைக்கும் சகபாடிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரைக்குடியில் ஒரு மாணவர் விடுதி. பையன்களின் கழிவு மூடிய குழிக்குள் விழும். காற்றுப் படாமல் கிருமிகள் அதைத் தின்று கேஸ் விடும். அது குழாய் வழியே போய்ச் சமையலறை அடுப்பில் எரியும். குழியைக் கிளறிவிடும் ஆள், பதினேழு வயது நான்.

வயிற்றுச் சுத்தம்

“சுத்தமான வயிறு, சுத்தமான புத்தி!” இது வார்டன், தயவுசெய்து மூக்கால் படிக்கவும். சனிக்கிழமைதோறும் அண்டா நிறையப் பேதி உப்பைக் கரைத்து, பையன்களை வரிசையில் நிறுத்துவார். பாதிப் பேர் குடித்தார்கள். மீதிப் பேர் தம்ளரோடு கக்கூசுக்குள் ஓடினார்கள். ஒருத்தன் காலித் தம்ளரை ஆட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான்: “குடிச்சாலும் அங்குட்டுத்தானப்பா போகும்? நேரா அனுப்பிட்டேன்.”

முட்டை வேட்டை

சில வாரத்தில் அடுப்புத் தீ சோர்ந்தது. சமையலறையில் அழுகிய முட்டை வாடை. விடுதியோ சுத்த சைவம். வார்டன் பரணில் ஏறினார், அரிசிப் பீப்பாய்க்குள் கையை விட்டார், முட்டை அகப்படவில்லை. அதுவே சமையல்காரர் வீரையாவின் சாமர்த்தியத்துக்கு அத்தாட்சி என்று முடிவு கட்டினார்.

“திங்கக்கிழமைக்குள்ள முட்டை எங்கன்னு காட்டு. இல்லாட்டி மூட்டையக் கட்டு.”

வீரையாவுக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் மூன்று பேர். அவர் குரல் கரகரவென்று அடித்தொண்டையிலிருந்து வரும்: “இல்லாத முட்டைய எங்குட்டுப் போய்க் கொண்டாருவேன்யா?”

மோப்பம்

திங்களன்று, குழியைக் கட்டிய ஓவர்சியர் காதர் அண்ணனைக் கூட்டிவந்தேன். அவர் சமையலறைப் பக்கமே போகவில்லை. குழியருகே குழாயைத் திறந்து, “மோந்து பாருங்க சார்” என்றார். மோந்த வார்டன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் துள்ளினார். அதே முட்டை.

“பேதி உப்புல சல்பேட்டு இருக்கு சார். அது உள்ள போனா வேற ஒரு கிருமிக் கூட்டத்துக்குப் பலம் வந்துரும். இரையப் பறிச்சுத் தின்னுட்டு இந்த நாத்தத்த விடும். எரியிற கேஸ் விடுற கூட்டம் பட்டினி கெடக்கும். உப்ப நிப்பாட்டுங்க, தீ தானா வரும்.”

வார்டன் குழாயைத் தானே இறுக்கி மூடினார். பிறகு, “வீரையா, போய் உலையை வையி” என்றார். அப்புறம் கவலையாக, “பயலுக வயித்த இனி எப்படிச் சுத்தம் பண்றது?” என்றார்.

வேலை தப்பிய சந்தோஷத்தில் வீரையா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “அதுக்கு ஏன்யா கவலப்படுறீக, என் சாம்பாரே போதும்!”

எங்கள் தொழிலில் அடுப்பு எரிந்தால் விஞ்ஞானம், நாறினால் சமையல்காரர்.