தராசு அறையிலிருந்து ஒரு ‘யெஸ் சார்’

இது நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் போர்ட் பிளேரில் அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்குள், மழை கொட்டும்போது தனியாக நின்று சிரித்துக் காட்டுங்கள். அப்போது உங்களைத் தைரியசாலி என்று ஒப்புக்கொள்ளலாம்.

முதல் வருஷம் சேருகிற பிள்ளைகளுக்கு ஊரே கூடிப் புத்தி சொல்லும். முன் பெஞ்சில் உட்காரு. வெள்ளைக் கோட்டு போடு, ஷூ போடு, முடியை இறுக்கிக் கட்டு. அளவு எடுத்தால் அங்கேயே எழுது. எல்லாம் நல்ல புத்திதான். ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. வருகை எடுக்கும்போது இன்னொருத்தி பேருக்கு வாயைத் திறக்காதே. வகுப்பறையில் அது வெறும் திருட்டுத்தனம்; ஒரு நாற்காலி காலி, அவ்வளவுதான். ஆய்வகத்தில் கடைசியாக எடுக்கிற வருகை வேறு. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு கதவைப் பூட்டுவதற்காக எடுப்பது அது.

ஆக்சிலியாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

கப்பலில் போகவேண்டிய ஹட் பே தீவுப் பெண். அப்பா ஜேசுதாசனுக்கு மீன்பிடிப் படகு. அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவள்தான். கப்பல் ஏற்றிவிடும்போது அப்பா பெரிதாக எதுவும் பேசவில்லை. “ஒரு வருசம் பாப்போம் மவளே. தோத்துட்டா வீட்டுக்கு வந்துரு,” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது.

விடுதியில் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே ப்ரியங்கா கிடைத்தாள். போர்ட் பிளேரிலேயே குட்வில் எஸ்டேட்டில் வீடு, அப்பா அரசு அலுவலகத்தில் வேலை. முதல் நாள் மழையில் குடைக்குள் கூப்பிட்டுக்கொண்டவள், மறுநாள் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை நீட்டினாள். விடுதிச் சோற்றில் நொந்துகொண்டிருந்த ஆக்சிலியாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆய்வகத்தில் இருவருக்கும் ஒரே மேசை. ஒரு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். நீ வராவிட்டால் உன் பேருக்கு நான், நான் வராவிட்டால் என் பேருக்கு நீ.

ப்ரியங்கா அந்த ஒப்பந்தத்தை நன்றாகவே அனுபவித்தாள். பிரவீன்குமார் என்று ஒருவன், அவனிடம் ஒரு பைக். வெயில் அடித்தால் கடற்கரை, மழை பெய்தால் டீக்கடை. ஆய்வகம் எடுக்கிற வாத்தியார் மண்டல் சார் தலையைத் தூக்காமல் பேர் வாசிப்பார். ஆக்சிலியா தொண்டையை மாற்றிக்கொண்டு ப்ரியங்காவுக்கு ‘யெஸ் சார்’ சொல்வாள். ஒவ்வொரு தடவையும் காது சூடாகும்.

அவளுக்கும் ஒரு முறை வந்தது. பூஜை விடுமுறைக்கு ஹட் பே போனவள், கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தாகி அங்கேயே மாட்டிக்கொண்டாள். போனில் ப்ரியங்கா, “டென்ஷன் மத் லோ, கவலைப்படாதடி, நான் சொல்லிடுறேன்,” என்றாள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு ஆய்வக வகுப்புக்குக்கூடச் சொல்லவில்லை. கேட்டதற்கு, மறந்துவிட்டேன், சல்தா ஹை, இதெல்லாம் நடக்கிறதுதான் என்று தோளைக் குலுக்கினாள். அவளுக்கு எல்லாமே சல்தா ஹைதான். மண்டல் சார் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு ஆய்வக வகுப்பு தவறினாலும் செய்முறைத் தேர்வுக்கு விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வருஷம் போனால் ஹட் பேதான். அப்போதும் ஆக்சிலியா ப்ரியங்காவை மன்னித்தாள். பைத்தியக்காரி.

ஒச்சம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வக உதவியாளர். புரோத்ராபூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சாயங்காலம் பூட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வகத்தின் பின்கோடியில் இருக்கிற தராசு அறையைத் திறந்து, “உள்ள யாரும்மா?” என்று மூன்று முறை கேட்பார். ஆளில்லாத அறைதான். இருந்தாலும் காது கொடுத்து நிற்பார். அப்புறம்தான் பூட்டுவார். ஒச்சம்மா தராசுகளுக்கு குட் நைட் சொல்கிறார் என்று பிள்ளைகள் கேலி பண்ணும். அவர் மறுநாளும் கேட்பார்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே மழை. புரோத்ராபூர் சாலையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. அதனால் ஒச்சம்மாவும் வரவில்லை.

வழக்கம்போல எல்லார் பைகளும், பைக்குள் போன்களும் நடைபாதை அலமாரியில் இருந்தன. ஆய்வகத்துக்குள் போன் கூடாது. தராசு அறைக்குள் தனியாகப் போகவும் கூடாது, இரண்டு பேராகப் போகவேண்டும். ஆக்சாலிக் அமிலம் நிறுக்க வேண்டியிருந்தது. ப்ரியங்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ போயிட்டு வா. நான் பர்னரைப் பாத்துக்கறேன்.”

ஆக்சிலியா தனியாகப் போனாள்.

சின்ன அறை. காற்று பட்டால் தராசு ஆடும் என்று ஜன்னல்களை ஆணி அறைந்தே வைத்திருந்தார்கள். கதவை மூடிக்கொண்டு நிறுக்க உட்கார்ந்தாள். முள் நிலைக்கு வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. நம் தீவில் நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு. மழை நாளில் அதுவும் கிடையாது. நாலரைக்கே அறை கறுத்துவிட்டது.

தட்டுத்தடுமாறிக் கதவை இழுத்தாள். வரவில்லை. ஈரத்தில் மரம் ஊதிக் கவ்விக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அது அப்படித்தான், வெளியிலிருந்து ஒருத்தர் உதைக்க வேண்டும். “சார்!” என்று கத்தினாள். தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மண்டல் சாரின் குரல் மட்டும் கதவுக்கு மேலிருந்த இடைவெளி வழியாக வந்தது. படகுத்துறையில் கூவுகிற தொண்டை அவருக்கு. கடைசி வருகை.

“ஆக்சிலியா.”

அவள் உயிரைக் கொடுத்துக் கத்த வாயெடுத்தாள். அதற்குள்...

“யெஸ் சார்.”

கதவுக்கு அந்தப் பக்கம். மிகப் பக்கத்தில். ஒரு பெண் குரல், தொண்டையை மாற்றிக்கொண்டு பேசுகிற குரல்.

உண்மையைச் சொல்ல வேண்டுமே, முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது. அப்பாடா, வருகை போகவில்லை, ப்ரியங்கா கடைசியில் ஒரு தடவையாவது வாக்கைக் காப்பாற்றினாள் என்று நினைத்தாள். இதோ வந்து கதவை உதைப்பாள் என்று காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து “ப்ரியங்கா” என்ற பேருக்கும் பதில் வந்தது. அப்புறம் ஸ்டூல்கள் இழுபடும் சத்தம். சிரிப்பு. காலடிகள்.

அப்புறம் ஆய்வக வாசலில் பூட்டு. கிளிக்.

அப்போதுதான் உறைத்தது. இவள் உள்ளே இருப்பது ப்ரியங்காவுக்குத் தெரியும். தெரிந்தே பேருக்குப் பதில் சொல்லிவிட்டு, தெரிந்தே போய்விட்டாள். சனி, ஞாயிறு... திங்கள்கிழமை வரை யாரும் வரமாட்டார்கள். ஆக்சிலியா கதவை அறைந்தாள். கை வீங்கும்வரை அறைந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். பயத்தைவிட, பாதி டிபனை நீட்டிய அந்தக் கைதான் அவளை அழவைத்தது.

மழை தணிந்தது. அழுகையும் ஓய்ந்தது.

மூச்சுச் சத்தம் மட்டும் ஓயவில்லை.

ஙீ... ஙீ... என்று விசில் மாதிரி. இழுப்பு உள்ளவர்கள் மூச்சு விடுவது போல.

அது அவள் மூச்சு இல்லை.

“உன் பேருக்கும் சொல்லிட்டாங்களா?”

இடது பக்கத்தில். ஒரு பெண். மெதுவான குரல்.

ஆக்சிலியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறு நிமிஷமே ஆறுதலாகவும் இருந்தது. இன்னொருத்தியும் மாட்டிக்கொண்டிருக்கிறாள் போல. ஆமாம் என்றாள். யார் சொன்னது என்று கேட்டது அந்தக் குரல். என் ஃப்ரெண்டு என்றாள்.

“எனக்கும் ஃப்ரெண்டுதான்.”

நனைந்த துணி வாசனை. ஆக்சிலியா விசும்பிக்கொண்டே பக்கத்திலிருந்த தோளில் சாய்ந்தாள். ஈரக் கோட்டு. ஜில்லென்று இருந்தது.

கோட்டு அமுங்கியது.

அமுங்கிக்கொண்டே போனது...

உள்ளே தோள் இல்லை.

அவள் துள்ளி விலகினாள். அதே நேரம் தூரத்தில் போன் அடித்தது. அவளுடைய போன். தினமும் கரையேறியதும் அப்பா கூப்பிடுவார். அவரேதான்.

“அது நின்னுடும்,” என்றது குரல். “எனக்கும் ரொம்ப நேரம் அடிச்சுது. அப்புறம் நின்னுடுச்சு.”

போன் நின்றது.

திரும்ப அடித்தது.

நின்றது.

கரண்ட் இல்லாத இருட்டில் ஒரு தராசுத் தட்டு தானாக இறங்கியது. டிங்.

மணிக்கட்டில் விரல்கள். ஈரமாக.

“அழாத. இனிமே உனக்கு நான் சொல்றேன்.”

ஆக்சிலியா கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மகள் எடுக்கவில்லையென்றால் விடுகிற ஆளில்லை ஜேசுதாசன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் காவலாளி முனியாண்டி மாடியேறி வந்தார். அலமாரியில் ஒற்றைப் பை இருப்பதைப் பார்த்தார். சாவி கொண்டுவந்து ஆய்வகத்தைத் திறந்து, தராசு அறைக் கதவை உதைத்தார். டார்ச் வெளிச்சத்தில் ஆக்சிலியா சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே டார்ச்சை அடித்துத் தேடினார்.

“இன்னொரு புள்ள எங்க? ரெண்டு பேரு பேசுனது கேட்டுச்சே.”

அவள் பக்கத்தில் தரை வட்டமாக நனைந்திருந்தது. கூரை எங்கும் ஒழுகவில்லை.

போனில் அப்பாவின் அழைப்புகளுக்கு நடுவே ப்ரியங்காவிடமிருந்து ஒரு செய்தி. ‘தேங்க்ஸ்டி.’ பூட்டியும் வைத்துவிட்டு நக்கல் வேறு.

திங்கள்கிழமை நேரே போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். ப்ரியங்கா முதலில் விழித்தாள். அப்புறம் முகம் வெளுத்தது.

“நான் அங்க இல்லவே இல்லடி. நீ நிறுக்கப் போனதுமே பிரவீன் வந்துட்டான், கெளம்பிட்டேன். எனக்கு நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் தேங்க்ஸ் போட்டேன்.”

டீக்கடையில் அவர்களைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். பொய் இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டுப் போனதும் பொய் இல்லை. உள்ளே போனவள் வந்தாளா என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அன்றோடு ஆக்சிலியா அவளிடம் பேசுவதை விட்டாள். மண்டல் சாரோ, நீயே பதில் சொன்னாய், என் காதால் கேட்டேன் என்று சாதித்தார்.

ஒச்சம்மாதான் நம்பினார். மூச்சுச் சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. சில வருஷங்களுக்கு முன் ரூபா என்று ஒரு பெண், ரங்கத் என்ற ஊரிலிருந்து கப்பலில் வந்து படித்தவள், முதல் வருஷம். விடுமுறை தொடங்குகிற நாள், சாயங்காலம் கப்பல். அவள் உள்ளே இருக்கும்போது தராசு அறைக் கதவு இறுகிவிட்டது. கப்பலுக்கு ஓடியிருப்பாள் என்று நினைத்து, உதவி செய்வதாக எண்ணி, தோழி அவள் பேருக்குப் பதில் சொன்னாள். விடுதியில் கப்பலில் போயிருப்பாள் என்று நினைத்தார்கள். வீட்டில் கப்பல் கிடைக்கவில்லை, விடுதியில்தான் இருப்பாள் என்று நினைத்தார்கள். இழுப்பு உள்ள பெண். மருந்து வெளியே பையில் இருந்தது. பைக்குள் போன் சார்ஜ் தீரும்வரை அடித்திருக்கிறது.

“லீவு முடிஞ்சு நான்தாம்மா கதவத் தொறந்தேன்,” என்றார் ஒச்சம்மா.

ஆக்சிலியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு அவளை மாட்டிவிட்டது ப்ரியங்கா இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னதே, அதுதான். துணைக்கு ஆள் வேண்டியிருந்தது அதற்கு.

அதற்குப் பிறகு அவள் ஆய்வகப் பக்கமே போகவில்லை. ஆய்வக வகுப்பு உள்ள நாள் வந்தாலே காய்ச்சல் அடித்தது. விடுதியில் போர்வைக்குள் கிடந்தாள். வருஷம் போயிற்று, ஹட் பேதான் கதி என்று தெரிந்தே கிடந்தாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினாள். தேர்வு நெருங்கியதும், காலில் விழுந்தாவது கேட்போம் என்று மண்டல் சார் அறைக்குப் போனாள்.

வராமல் போனதற்கு மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினாள். மண்டல் சார் புரியாமல் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. நீ எங்கே வராமல் போனாய், தீபாவளிக்குப் பிறகு ஒரு ஆய்வக வகுப்புகூடத் தவறவில்லையே, பேர் வாசித்தால் முதல் ஆளாகப் பதில் சொல்கிறாயே என்றார் ஹிந்தியில்.

அப்புறம் கொஞ்சம் சலிப்போடு, ஒன்று மட்டும் சொன்னார்.

“கொஞ்சம் முன்னால வந்து நில்லும்மா. எப்பவும் அந்தத் தராசு ரூம் கதவுக்குப் பக்கத்துலயே நிக்கிற. நனைஞ்ச கோட்டு மட்டும்தான் தெரியுது. முகமே தெரியல.”