காலி நாற்காலிக்கு அடித்த மணி

கப்பல் பட்டறையின் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். இடது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. வீக்கம் வடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் விடுதிக் கட்டில் வேலை செய்கிறவனுக்குத்தான்; அதுவரை எனக்குப் படுக்க இடமில்லை. அதனால் திரும்பிப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் இப்படி நடந்து வெளியேறிய கேட்டுகள் பல.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இறங்கி ஒரு சந்துக்குள் திரும்பினேன். மூன்று மாடிக் கடைவீடு ஒன்றின் முன்னால் வேனிலிருந்து சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் தனியாளாக இறக்கிக்கொண்டிருந்தார் ஒருவர்.

"தம்பி, சும்மாதான நிக்கிறீங்க? ஒரு கை பிடிங்க லா."

ஒரு கைதான் என்னிடம் நன்றாக இருந்தது. பிடித்தேன்.

அவர் தொலைபேசி இணைப்பு போடுகிறவர். அந்தக் கடை, வெற்றிலையும் மல்லிகையும் விமானத்தில் வரவழைத்து விற்கும் கம்பெனி. கேபிளை அறை அறையாக இழுத்துக் கொடுத்தேன். மதியத்துக்குள் அவரை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். வேலை கேட்டேன்.

"இன்னிக்கு இந்தப் பெட்டிய ஏத்துக்கிட்டு முதலாளி கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்கு ஒரு ஹோட்டல் வேலை இருக்கு, வா. போடலன்னா எனக்கே வேலை இல்ல."

வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்த மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே எதுவும் அசையவில்லை. பச்சைத் தகடுகளும் ஒரு சிறு சிவப்பு விளக்கும்தான். அதோடு இணைத்த போனில் ஏதோ எண்களை அழுத்தினார். "இப்ப எதிர்க்கடை போன்லேர்ந்து இந்த நம்பருக்குப் போடு."

போட்டேன். முதல் மாடியில் நான்கு முறை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மணி தானாகவே இரண்டாம் மாடிக்கு ஏறியது. தெருவின் மறுபக்கம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக அது போவதைக் கேட்டேன். ஓர் ஆள் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போவது போலிருந்தது.

எந்த மேசைக்கு முதலில் மணி போக வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது முதலாளி யோசிக்கவே இல்லை. "முதல்ல எனக்கு. அப்புறம் என் தம்பி, அப்புறம் மேனேஜர். கடைசியா கீழ கவுண்டர். பெரியவங்க இருக்கறப்போ சின்னவங்களுக்கு முதல்ல அடிச்சா மரியாதையா?" அண்ணன் அப்படியே அழுத்திவிட்டார்.

மதியம் முதலாளி கோயிலுக்குப் போனார். தம்பி சாப்பிடப் போனார், மேனேஜர் பேங்குக்கு. இரண்டு மணிக்கு லாரிக்காரர் வியர்வையோடு உள்ளே வந்தார்.

"சாங்கி ஏர்போர்ட்லேர்ந்து நாலு தடவ போட்டேன். ஒருத்தரும் எடுக்கல! மல்லிப்பூ வெயில்ல கெடக்கு லா!"

கீழே கவுண்டரில் உட்காரும் கிளார்க் அம்மா நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. "எனக்கு மணியே வரலியே. மேல காலி நாற்காலிக்கு அடிச்சா நாற்காலியா பேசும்?" என்றார். மேலே மூன்று மேசையிலும் நான்கு நான்காகப் பன்னிரண்டு முறை அடித்த பிறகுதான் அவர் முறை வரும். அதற்குள் லாரிக்காரர் வைத்துவிடுகிறார்.

திரும்பி வந்த முதலாளி வாடிய பூவைப் பார்த்தார். "பெட்டியக் கழட்டுங்க. பழைய போனே போதும்."

முதலாளியைப் பார்த்து, நீங்கள் முதலில் இருக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஹோட்டல் வேலை என் கண்ணெதிரே கழன்றுகொண்டிருந்தது.

காலை முழுதும் கேபிளோடு அந்த அறைகளில் தவழ்ந்தவன் நான். எந்த நாற்காலி சூடாக இருக்கிறது, எதில் தூசு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"முதலாளி, உங்கள யாராச்சும் நேரா வந்து பாத்துட முடியுமா?" என்றேன்.

"அதெப்படி? கீழ சொல்லிட்டுத்தான் வரணும்."

"அப்ப போன் மட்டும் ஏன் நேரா மேல ஏறுது? கீழ அக்கா கேக்கட்டும். ஒங்ககிட்ட பேச வேண்டியவங்கள மட்டும் மேல அனுப்பட்டும்."

கிளார்க் அம்மா சிரிப்பை அடக்க ரெஜிஸ்டரைப் புரட்டினார். முதலாளி மீசையைத் தடவினார். "அதான் சரி. கண்டவனுக்கெல்லாம் நான் ஏன் போன் எடுக்கணும்?"

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எண்களை அழுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவரில் ஒரு கம்பியும் இடம் மாறவில்லை. ஆனால் வெளியிலிருந்து அந்தக் கடைக்கு அழைப்பு வரும் வழியே மாறிவிட்டது. லாரிக்காரர் எதிர்க்கடையிலிருந்து போட்டார். முதல் மணியிலேயே கிளார்க் அம்மா எடுத்தார். பிறகு ஒரு பொத்தானை அழுத்த, இரண்டாம் மாடியில் முதலாளியின் மேசை மணி கம்பீரமாக அடித்தது. அவர் படியேறி ஓடிப்போய் எடுத்தார். நான் இன்னும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து விழுந்தது.

அன்றிரவு அண்ணனின் வேனிலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஹோட்டலின் பின்வாசலில் கேபிள் சுருளைத் தோளில் மாட்டப் போனேன். அவர் அதை வாங்கி வைத்துவிட்டு ஒரு பென்சிலும் காகிதமும் கொடுத்தார்.

"இது அப்புறம். மொதல்ல மாடி மாடியா போ. எந்த நாற்காலில நெசமாவே ஆள் உக்காருதுன்னு பாத்து எழுதிட்டு வா."

அன்றிலிருந்து அதுதான் என் வேலை.